காலிக் கூடுகளோடு வேலை

ஹெச்பிவி தடுப்பூசி தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சில வருடங்கள் இருந்தேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அங்கே ஒரு விஷயம் பிடிபட நாளாகும். புரதத்தின் அளவு சரி, தூய்மையும் சரி, ஆனாலும் பேட்ச் தேறாது.

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸின் மேல்கூடு பெரும்பாலும் எல்1 என்ற புரதம்தான். அதன் மரபணுவை மட்டும் ஈஸ்ட்டுக்குள் வைத்தால் ஈஸ்ட் அந்தப் புரதத்தைச் செய்து கொடுக்கும். ஐந்தைந்தாக 72 கொத்துகள், மொத்தம் 360 புரதங்கள் தாமாகவே சேர்ந்து ஏறக்குறைய 55 நானோமீட்டர் உருண்டையாகிவிடும். பார்வைக்கு வைரஸ்தான். உள்ளே வைரஸின் டிஎன்ஏ கிடையாது, அதனால் நோயும் வராது. வைரஸின் புரதங்களை மட்டும் வைத்து இப்படிக் காலிக் கூடு கட்ட முடியும் என்று 1991-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜியான் ஜோவும் இயன் ஃபிரேசரும் காட்டினார்கள். முதல் ஊசிக்கு 2006-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தபோது ஜோ உயிரோடு இல்லை. 1999-லேயே போய்விட்டார்.

ஈஸ்ட்டிலிருந்து வரும் கூடுகள் ஒரே சீராக இருப்பதில்லை. கோணலும் மாணலுமாக இருக்கும். அதனால் காரத்தன்மை கூடிய கரைசலில், புரதங்களுக்கு இடையிலான பிணைப்பை உடைக்கும் டிடிடி என்ற வேதிப்பொருளைச் சேர்த்து அவற்றை ஒருமுறை பிரித்துவிட்டு, பிறகு டிடிடியை நீக்கித் திரும்பக் கூட வைப்போம். ஒரு பேட்ச்சில் அந்த நீக்கம் முழுசாக நடக்கவில்லை. ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்க்கும் எலைசா சோதனையில் மதிப்பு பாதிக்கும் கீழே. "உங்க டெஸ்ட்தான் தப்பு, புரதம் அவ்வளவும் இருக்கே" என்று உற்பத்திப் பிரிவிலிருந்து சண்டைக்கே வந்துவிட்டார்கள். எலைசாவில் நாங்கள் பயன்படுத்தும் ஆன்டிபாடி, கூடு சரியாக மூடியிருந்தால்தான் நன்றாக ஒட்டும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் பாதி மூடிய கிண்ணங்களும் உதிர்ந்த கொத்துகளும்தான். புரதம் அத்தனையும் இருந்தது உண்மை, அதை வைத்து என்ன செய்ய? உடம்பு அடையாளம் காண்பது அந்த வடிவத்தைத்தானே. உற்பத்தியைக் கிராம் கணக்கில் மட்டும் அளக்கிற மேலாளர்களிடம் இதைப் புரியவைப்பதுதான் எங்கள் வேலையிலேயே கஷ்டமான பகுதி.

அதைவிடக் கஷ்டம் ஒன்று உண்டு. "கேன்சர் ஊசி கம்பெனியில இருக்கீங்களாமே, அத்தைக்குக் கட்டி இருக்கு, ஒரு டோஸ் கிடைக்குமா?" என்று ஊரிலிருந்து போன் வரும். உதவாது என்று சொல்லிவிட்டுக் காரணத்தையும் சொல்வேன். இந்த ஊசி எல்1 கூட்டுக்கு எதிராக ஆன்டிபாடிகளை உண்டாக்குகிறது. அவை வைரஸை வாசலிலேயே மறிக்கும். புற்றுநோயாக மாறிவிட்ட செல்லோ பொதுவாக எல்1 செய்வதே இல்லை. அதைப் பெருக வைப்பவை ஈ6, ஈ7 என்ற வேறு புரதங்கள், அதுவும் செல்லுக்கு உள்ளே. ஆன்டிபாடிக்குப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. பாதிப் பேர் இதைக் கேட்பதற்குள் போனை வைத்துவிடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

வந்த நோயைத் துரத்தவும் இதே மாதிரிக் கூடுகளைப் பயன்படுத்தலாமா என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது தட்டைப்பயறுச் செடியில் வரும் தேமல் வைரஸ். அதன் காலிக் கூட்டைப் புற்றுநோய் வந்த எலிகளுக்குக் கொடுத்து, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நிக்கோல் ஸ்டைன்மெட்ஸ், ஸ்டீவன் ஃபியரிங் குழுவினர் 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகு புற்றுநோய் வந்த வளர்ப்பு நாய்களுக்கும் கட்டிக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார்கள். கூட்டில் புற்றுநோய்ப் புரதம் எதுவும் இல்லை. ஆனால் இந்த அந்நியனைக் கண்டதும் அதுவரை சும்மா கிடந்த எதிர்ப்பு செல்கள் விழித்து, பக்கத்தில் இருக்கும் கட்டியையும் கவனிக்க ஆரம்பிக்கின்றன. முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. மனிதர்களுக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை.

தொழில் புத்தி எங்கே போகும்? வந்தால் அதன் வீரியத்தை எப்படிச் சோதிப்பார்கள் என்றுதான் யோசித்தேன். வடிவத்தை மட்டும் பார்த்தால் போதாது, எதிர்ப்பு செல்களை எழுப்புகிறதா என்று உயிருள்ள செல்களில் பார்க்க வேண்டும். இந்த மாதிரி செல் சோதனை செய்தவர்களுக்குத் தெரியும், திங்கட்கிழமை ஒரு ரிசல்ட், வியாழக்கிழமை வேறொன்று. அந்தப் பேட்ச்சுக்குக் கையெழுத்துப் போடப்போகிறவரை நினைத்தால் இப்போதே பாவமாக இருக்கிறது.