கொழும்பு மேல்மாடியிலிருந்து தெற்கு வானம்

கொழும்பில் இருந்துகொண்டு நெபுலா என்கிற விண்வெளி வாயு மேகம், விண்மீன் கொத்து எல்லாம் படம் எடுக்க முடியாது, மலைநாட்டுப் பக்கம் போனால்தான் சரி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. வெளிச்சம் அதிகம்தான், வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் நின்றால் இரவு வானம் கறுப்பாக இருக்காது, சாம்பல் நிறம்தான். ஆனால் நாம் இருப்பது 7 பாகை வட அகலக்கோட்டில். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் சொந்தக்காரர் எவ்வளவு விலையான தொலைநோக்கி வாங்கினாலும் வீட்டிலிருந்து ஒமேகா சென்டாரி என்ற பெரிய விண்மீன் கொத்தைப் பார்க்க முடியாது, அங்கே அது உதிப்பதே இல்லை. நமக்கு அது தெற்கே 35 பாகை உயரத்துக்கு வருகிறது.

அதனால் வடக்கு நாட்டுக்காரர் போடும் பட்டியலை வைத்துக்கொண்டு மங்கலான கேலக்சிகளுக்குப் பின்னால் போகாதீர்கள். நகர வெளிச்சத்தில் முதலில் அடிபடுவது அவைதான். கொத்துகள் அப்படியில்லை, ஒவ்வொரு விண்மீனின் ஒளியும் சில பிக்சல்களுக்குள் குவிந்து விழுவதால் பின்னணியைத் தாண்டி நிற்கும். ஒமேகா சென்டாரியில் சுமார் 1 கோடி விண்மீன்கள், தூரம் ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு. சாதாரண டிஎஸ்எல்ஆர் கமராவில் அதன் ஓரங்கள் தனித்தனி விண்மீனாகப் பிரிந்து வருவதைத் திரையில் பார்க்கும்போது எனக்கு இன்னமும் மெய்சிலிர்க்கும்.

சிக்கல் வேறு இடத்தில். விண்மீன்களின் நகர்வோடு கமராவைத் திருப்பும் தாங்கிதான் மவுண்ட், அதன் அச்சை வழக்கமாகத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் நேராக்குவார்கள். இங்கே அது அடிவானத்துக்கு மேல் 7 பாகைதான், வடக்கே உள்ள தொடர்மாடிகள் அதை முழுசாக மறைத்துவிடும். மவுண்டின் அச்சும் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருப்பதால் சில மவுண்ட்களில் எதிர்எடை முக்காலியின் காலில் இடிக்கும், வாங்குமுன் அதைக் கேட்டுப் பாருங்கள். துருவத்துக்கு நேராக்க, தெற்கு வடக்குக் கோட்டை உச்சிக்குக் கிட்டக் கடக்கும் ஒரு விண்மீனைப் பிடித்து அது வடக்கே நகர்கிறதா தெற்கே நகர்கிறதா என்று பார்த்து மவுண்டை இடம் வலமாகத் திருப்புங்கள், அப்புறம் கிழக்கே தாழ்வாக உள்ள ஒன்றைப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். பொறுமை வேண்டும், ஆனால் துருவ நட்சத்திரமே தேவையில்லை.

படத்துக்குக் கமராவின் ஒளி உணர்திறன், அதாவது ஐஎஸ்ஓ, 800; ஒரு படத்துக்கு 20 முதல் 30 செக்கன். அதற்கு மேல் போனால் வானமே வெளுத்துவிடும், எனவே நிறைய எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். 100 படம் அடுக்கினால் இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் புள்ளி புள்ளியான கரடு, பத்தில் ஒரு பங்காகும். அடுக்கும் மென்பொருள்களான டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் இரண்டும் இலவசம். நம் இரவு 26, 27 பாகை சூடு, சென்சார் அதைவிடச் சூடு, ஆகவே அந்தச் சூட்டால் வரும் இரைச்சலைக் கழிக்க மூடியைப் போட்டு எடுக்கும் டார்க் படங்களை அதே இரவிலேயே எடுத்துவிடுங்கள், வேறொரு நாள் எடுத்தது பொருந்தாது. வேலை முடிந்ததும் லென்ஸைச் சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வையுங்கள், இந்த ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.

எப்போது என்றால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி. பின்னேர மழை காற்றைக் கழுவிவிட்டுப் போன இரவாக இருந்தால் இன்னும் நல்லது. ஒன்பதரை மணிக்குக் கரீனா நெபுலா தெற்கே 23 பாகையில் உச்சிக்கு வந்து பிறகு தென்மேற்கே இறங்கும், அந்தப் பக்கம் கடல், தெருவிளக்கு இல்லை. அதன் சிவப்பு ஒளியின் பெரும்பகுதியைக் கமராவின் உள் வடிகட்டி தடுத்துவிடும், இருந்தும் பிரகாசம் அவ்வளவு, மாற்றாத கமராவிலேயே பதியும். அதை முடித்துவிட்டு நள்ளிரவுக்கு ஒமேகா சென்டாரிக்குத் திருப்பினால் சரி.