சொட்டுச் சோதனை

அம்மாவுக்குத் துணி டயப்பர் கட்ட ஆரம்பித்து 14 மாதம் ஆகிறது. துவைக்கிற வேலை என்னுடையது. கட்டி அவிழ்ப்பது என் மனைவியும் தங்கையும். இந்தப் பங்கீட்டை அம்மாதான் போட்டார். நினைவு ஓரளவு தெளிவாக இருந்த ஒரு நாளில் என் கையைத் தட்டிவிட்டு, "நீ தள்ளிப் போ சாமி, அம்மிணிய வரச் சொல்லு" என்றார். சரி, துவைக்கிறதாவது நம்ம கையில் இருக்கட்டும் என்று வாளியைத் தூக்கிக்கொண்டேன்.

அதற்கு முந்தைய இரண்டு மாதம் கடை டயப்பர்தான். ஒன்று 38 ரூபாய், நாளைக்கு நாலு. பணத்தைவிட என்னை உறுத்தியது குப்பை. காலையில் குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வருகிற பெண் ஒரு நாள், "அண்ணா, இத மட்டும் பேப்பர்ல சுத்தித் தனியாக் குடுங்க, பிரிக்கறப்ப கையில படுது" என்றார். அப்படிச் சுற்றித் தர வேண்டும் என்று திடக்கழிவு விதிகளே 2016 முதல் சொல்கின்றன. நான் செய்யவில்லை. வெட்கமாகிவிட்டது. அதோடு சித்திரை வெயிலில் அம்மாவின் இடுப்பு மடிப்பு செக்கச் சிவந்து போயிருந்தது. இரண்டும் சேர்ந்துதான் துணிக்கு மாறினேன்.

திருப்பூரில் இருந்துகொண்டு துணிக்குப் பஞ்சமா? ஆனால் துணி கிடைப்பது வேறு, உறிஞ்சுகிற துணி கிடைப்பது வேறு. நான் சாயப்பட்டறை லேபில் 19 வருஷம் இருந்தவன். 2011 ஜனவரியில் கோர்ட் உத்தரவில் பட்டறைகளை எல்லாம் மூடியபோது மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய துணியை வாங்கினால் அதில் ஏற்கெனவே துணியை மெதுவாக்குகிற சாஃப்ட்னர் ஓட்டியிருப்பார்கள் என்று தெரியும். சிலிக்கோன் சாஃப்ட்னர் ஓட்டிய துணியைத் தொட்டால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். தண்ணீரைச் சொட்டவிட்டால் தாமரை இலை. அதை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் லேசில் இறங்காது.

அதனால் கிலோக் கணக்கில் துணி விற்கிற ஒரு கடையில் இரட்டைப் பின்னல் போட்ட இன்டர்லாக் காட்டன், கிரே துணியாகவே வாங்கிவந்தேன். கிரே என்றால் நிட்டிங் மெஷினில் இருந்து இறங்கியபடியே, பிளீச் ஆகாதது. பருத்தியின் மெழுகும் நிட்டிங் ஆயிலும் அப்படியே இருக்கும், இதுவும் தண்ணீர் குடிக்காது. வாசல் பக்கம் வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்து, அண்டாவில் சோடா ஆஷும் (சலவை சோடா) கொஞ்சம் டிடர்ஜென்டும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தேன். தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்துக்கு வந்தது. கொட்டிவிட்டு மறுபடி ஒரு தடவை. எதிர்வீட்டுக்காரர், "என்னங்க, வீட்டிலயே பட்டறை போட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

காய்ந்ததும் சொட்டுச் சோதனை. லேபில் தினமும் செய்ததுதான். துணியை ஒரு டம்ளரின் வாயில் விறைப்பாக இழுத்து ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு விரல் அகல உயரத்தில் இருந்து ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். விழுந்த சொட்டு முதலில் கண்ணாடி மணி மாதிரி மின்னும். அந்த மினுமினுப்பு மறைந்து வெறும் ஈரவட்டமாக மாறுகிற வரை எண்ண வேண்டும். 5 எண்ணுவதற்குள் மறைந்தால் பாஸ். கொதிக்க வைக்கும் முன் 60 எண்ணியும் அசையாமல் உட்கார்ந்திருந்த சொட்டு, இப்போது 3-இல் போய்விட்டது. வீட்டில் யார் உள்ளாடை டயப்பர் தைத்தாலும் முதலில் இதைச் செய்து பாருங்கள். செலவு ஒரு சொட்டுத் தண்ணீர்.

தையல் எங்கள் தெரு டெய்லர் அக்கா. அவர் ஆறு மடிப்பையும் ஒன்றாக வைத்து நாலு பக்கமும் ஓவர்லாக் அடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அப்படித் தைத்தால் நடு மடிப்பு இரண்டு நாளானாலும் காயாது. ஈரம் நின்றால் நாற்றம். நீளமான ஒற்றைப் பட்டையாகவே ஓரம் அடித்து வாங்கி, கட்டும்போது மட்டும் மடித்து வைக்கிறோம். கொடியில் போடும்போது விரித்துவிடலாம். மேலே மாட்டுகிற ஈரம் தாங்கும் ஜட்டி மட்டும் விலைக்கு வாங்கியது, ஐந்து. பட்டைகள் 24.

இவ்வளவு விவரம் தெரிந்த நானே நாலாவது மாதம் சறுக்கினேன்.

வெயிலில் காய்ந்த பட்டைகள் அப்பளம் மாதிரி விறைத்துப்போயிருந்தன. அம்மா "குத்துது சாமி" என்றார். மனது கேட்கவில்லை. கடையில் இருந்து வாசனை சாஃப்ட்னர் வாங்கிவந்து கடைசி அலசலில் ஒரு மூடி ஊற்றினேன். துணி பஞ்சு மாதிரி ஆனது. வீடே மணத்தது. மூன்று நாள் பெருமையாகத் திரிந்தேன். நாலாம் நாள் மத்தியானம் மெத்தை விரிப்பு முழுக்க ஈரம், பட்டையின் நடுமடிப்பு மட்டும் காய்ந்தே கிடக்கிறது! டம்ளரை எடுத்துச் சொட்டு விட்டேன். 20 எண்ணினேன், மணி மாதிரி மின்னிக்கொண்டு என்னைப் பார்த்தது. சாஃப்ட்னர் என்பதே நூலின் மேல் ஏறி உட்கார்கிற வழுவழுப்புப் படலம்தானே. பேபி கார்மென்ட் ஆர்டரில் உறிஞ்சுதல் குறைகிறது என்று எத்தனை லாட்டை நான் ரிஜெக்ட் செய்து திருப்பியிருப்பேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வெந்நீர் அண்டாவை மட்டும் அடுப்பில் ஏற்றி வைத்தார்.

விறைப்புக்குக் காரணம் எங்கள் உப்புத் தண்ணி. போர் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நுரைக்கு பதிலாகப் பிசுக்காக மாறும். வெள்ளையாகத் திரிந்து துணியில் ஒட்டும். அந்தப் பிசுக்கு ஒண்ணுக்கு நெடியையும் உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். காய்ந்த துணியை மோந்தால் ஒன்றும் தெரியாது. அம்மாவுக்குக் கட்டி, நனைந்த பத்தாவது நிமிஷம் மூக்கைக் குத்தும். "துவைச்சீங்களா இல்லையா?" என்று தங்கை கேட்டது இதனால்தான். துவைத்தேன், ஆனால் போகவில்லை.

எனவே கட்டி சோப்பை நிறுத்தினேன். டிடர்ஜென்ட் பவுடரோடு இரண்டு ஸ்பூன் சோடா ஆஷ். கடையில் சலவை சோடா என்று கேட்டால் தருவார்கள். ரியாக்டிவ் சாயத்தைத் துணியில் பிடிக்க வைக்க மூட்டை மூட்டையாகப் போடுவோமே, அதே பொருள். அது கால்சியத்தைத் தனியாக வீழ்த்திவிடும், பவுடர் தன் வேலையைப் பார்க்கும். பவுடரை அள்ளிக் கொட்டினாலும் கெடுதிதான், அலசிப் போகாமல் அதுவே தங்கிவிடும். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி. குழாயில் வருகிற அன்றைக்கு இதற்கென்றே இரண்டு குடம் பிடித்து வைப்பேன். குடிக்கிற தண்ணியில் மூத்திரத் துணியா என்று மனைவிக்கு முதலில் மனத்தாங்கல். இப்போது அவரே பிடித்து வைக்கிறார்.

தினப்படி வேலை பெரிதாக ஒன்றுமில்லை. அவிழ்த்த பட்டையை ஊறப்போடுவதில்லை, மூடி போட்ட வாளியில் அப்படியே போட்டுவைப்போம். ஊறிய தண்ணீர்தான் வாளியையே நாறடிக்கும். ரெண்டுக்குப் போயிருந்தால் உடனே டாய்லெட்டில் ஹேண்ட் ஷவரால் பீய்ச்சிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் கறை. முதலில் பச்சைத் தண்ணீரில் ஒரு அலசல். எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் மலக்கறை வெந்து நூலில் பிடித்துக்கொள்ளும். பிறகு மெஷினில் நல்ல சூட்டில் ஒரு ஓட்டம், இரண்டு அலசல். ஜட்டிகளை மட்டும் வெதுவெதுப்பில் தனியாக, வெல்க்ரோவை ஒட்டிவிட்டு. ஒட்டாமல் போட்டு ஒரு தடவை ஏழு பட்டையையும் கோத்து மாலையாக்கிவிட்டது. சூடு பட்டால் அந்தத் தண்ணீர் புகாத படலம் உரிந்துவிடும், அதனால் வெயிலிலும் போடுவதில்லை.

ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன். நாங்கள் ஊருக்குப் போயிருந்த இரண்டு நாள் அம்மாவைப் பார்த்துக்கொண்ட பெண், சுத்தமாக இருக்கட்டுமே என்று முந்தின நாள் துணி கிடந்த வாளியிலேயே பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டார். கண் எரிந்து, இருமல் பிடித்து, பாத்ரூமை விட்டு ஓடிவந்திருக்கிறார். பழைய மூத்திரத்தில் அமோனியா இருக்கும். அதோடு பிளீச்சிங் சேர்ந்தால் குளோரமின் என்கிற நச்சுப்புகை. டாய்லெட் கழுவுகிற ஆசிட்டோடு சேர்ந்தால் இன்னும் மோசம், குளோரின். வினிகரோடும் சேர்க்கக் கூடாது. பட்டறையில் கெமிக்கல் ரூமுக்குப் பூட்டு உண்டு, வீட்டு பாத்ரூமில் எல்லாம் ஒரே ஷெல்ஃபில் நிற்கிறது. எங்கள் வீட்டில் பிளீச்சிங் பவுடர் இப்போது இல்லை. கறைக்கு வெயில் போதும். ஈரத்தோடு எலுமிச்சம்பழம் தேய்த்து உச்சி வெயிலில் போட்டால் மஞ்சள் இரண்டு நாளில் வெளுத்துவிடும்.

தோல் சிவப்புக்கு வருகிறேன். லேபில் குழந்தைத் துணி என்றால் பி.ஹெச். கணக்கு, அதாவது புளிப்பு, காரத்தின் அளவு, கறாராக இருக்கும். துணியில் கெடுதலான கெமிக்கல் இல்லை என்று தருகிற ஓகோ-டெக்ஸ் சான்றிதழுக்கு 4.0-க்கும் 7.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். காரம் ஏறின துணி தோலுக்கு ஆகாது. தோலே லேசான புளிப்புத்தான், 5.5 பக்கம். நான் சோடா ஆஷ் போட்டுத் துவைக்கிறேன், அது காரம். பி.ஹெச். பேப்பர் பழைய பையில் கொஞ்சம் மிச்சமிருந்தது. காய்ந்த பட்டையை நனைத்துத் தொட்டுப் பார்த்தால் 9 காட்டியது. பட்டறையில் பிளீச்சிங் முடிந்ததும் அசிட்டிக் ஆசிட் விட்டு நியூட்ரல் செய்வோம், வினிகர் அதன் நீர்த்த தம்பி. கடைசி அலசல் வாளியில் சின்னக் கரண்டியால் இரண்டு கரண்டி. பேப்பர் 6 காட்டியது. பட்டை விறைப்பும் பாதி குறைந்தது. மீதி விறைப்புக்கு எடுத்து மடிக்கும் முன் உதறிக் கசக்கினால் போதும். தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நிறையத் தடவிக்கொண்டிருந்தோம், அதையும் குறைத்தோம். எண்ணெய் பட்ட இடத்தில் பட்டை தண்ணீர் குடிப்பதில்லை. சிவப்பு இறங்கியது துணியால் மட்டுமல்ல. தங்கை இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறாள், நனைந்ததும் மாற்றுகிறாள்.

ராத்திரிக்கும் ஆஸ்பத்திரி போகிற நாளுக்கும் இன்னும் கடை டயப்பர்தான். ஐப்பசி அடைமழையில் பத்து நாள் முழுக்கவே அதுதான், ஃபேனுக்கடியில் 24 பட்டை காய்ந்து முடியாது. தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க ஆள் இல்லாத வீட்டில் துணி டயப்பர் கட்டு என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்த ஒன்றரை மணி நேரம் பெரும்பாலும் ஒரு மருமகள் தலையில்தான் விழும்.

அம்மா 26 வருஷம் பனியன் கம்பெனியில் இருந்தவர். துணி மடித்துக் கொடுக்கிற கைமடியாகச் சேர்ந்து, குறை பார்க்கிற செக்கிங்கில் முடித்தார். சாயங்காலம் காய்ந்த பட்டைகளைக் கட்டிலில் கொண்டுவந்து குவித்தால் எழுந்து சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். என் பெயர் சில நாள் ஞாபகம் வராது. கை மட்டும் மறக்கவில்லை. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் ஒரு நீவு, திருப்பி ஒரு மடி, அடுக்கு. பக்கத்தில் நின்று மடித்தால் நான் ஒன்று முடிப்பதற்குள் அவர் மூன்று.

போன வாரம் நடுவில் நிறுத்தினார்.

"இது எந்தக் கம்பெனி ஆர்டரு சாமி?"

"நம்ம ஆர்டர்தாம்மா."

ஒரு பட்டையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நகத்தால் ஒரு இடத்தைச் சுரண்டினார். அடுக்கில் வைக்காமல் தலையணைக்கு அந்தப்பக்கம் தனியாகப் போட்டார்.

"செகண்ட்ஸு."

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் நூல் நைந்து, குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை. நான் அன்றைக்கு அதைத் துவைத்து, உதறி, கொடியில் போட்டு, எடுத்து வந்திருக்கிறேன். என் கண்ணில் படவில்லை. இப்போது 23.