மூட்டுவாதத்துக்கு எதற்கு டிபி டெஸ்ட்?

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை மட்டும் இனிப் போதாது, எதிர்ப்பு சக்தியின் ஒரு குறிப்பிட்ட கண்ணியைத் தடுக்கும் பயாலஜிக் மருந்துக்குப் போகலாம் என்று மூட்டு நோய் பார்க்கும் என் ருமட்டாலஜிஸ்ட் சொன்னார். சொன்ன கையோடு அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் மூட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மார்பு எக்ஸ்ரே, டிபி கோல்டு ரத்தப் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி. ஆர்.ஏ. என்கிற முடக்குவாதம் உள்ள பலருக்கும் இந்தச் சீட்டு ஒரு நாள் கைக்கு வரும். "இருமலே இல்லை, எனக்கு எதற்கு டிபி டெஸ்ட்?" என்று தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

நான் பெரம்பூர் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன். தைமஸ் சுரப்பி, டி செல், பி செல் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்கள் எல்லாம் வருடா வருடம் நடத்துகிற பாடம். நோய் எனக்கு வந்தபோது காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரிக்க முடியாது. கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் போகும், மடங்காது. விறைப்பு விட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆர்.ஏ.வுக்கு அடையாளமான ஆன்டி சி.சி.பி. என்ற ஆன்டிபாடி ரிப்போர்ட்டில் மிக அதிகமாக வந்தது. வாரத்தில் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், அதற்குத் துணையாக ஃபோலிக் ஆசிட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், கொஞ்சம் பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு என்று ஓட்டினோம். மெத்தோட்ரெக்சேட் வார மாத்திரை. தினமும் சாப்பிட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. நான் ஞாயிற்றுக்கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

வலி குறைந்தது, ஆனால் வீக்கம் போகவில்லை. உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் "உனக்கு எதிர்ப்பு சக்தி கம்மி, அதை ஏத்தணும்" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள், கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்தும் கொடுத்தார்கள். ஆனால் இந்த நோயில் எதிர்ப்பு சக்தி குறையவில்லை. அது ஆள் தெரியாமல் நம் மூட்டையே எதிரியாக எடுத்துக்கொண்டுவிட்டது.

அடுத்த முறை டாக்டரிடம் நேராகவே கேட்டேன்: "டாக்டர், என் டி செல் என்னதான் பண்ணுது?" அவர் ரிப்போர்ட்டைத் திருப்பி, பின்பக்கம் வெற்றிடத்தில் வரைய ஆரம்பித்தார். "டீச்சர், உங்களுக்குத் தெரிஞ்ச பாடம்தான். இடம் மட்டும் வேற."

நம் புரதங்களில் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் சில சமயம் சிட்ருலினாக மாறும். நுரையீரலிலும் ஈறிலும் அழற்சி வந்தால் அது அதிகமாக நடக்கும். புகைபிடிப்பவர்களுக்கு ஆர்.ஏ. அபாயம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மாறிய புரதத்தின் துண்டை எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறு ஏந்திப் பிடித்து டி செல்லிடம் காட்டும். எச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1 மரபணுவின் சில வகைகளில் ஐந்து அமினோ அமிலம் கொண்ட ஒரு சின்னப் பகுதி பொதுவாக இருப்பதையும், அந்த வகைக்காரர்களுக்கு ஆர்.ஏ. அதிகம் வருவதையும் 1987-இல் பீட்டர் கிரெகர்சன் குழுவினர் சுட்டிக்காட்டினார்கள். எச்.எல்.ஏ.வின் வேலையே டி செல்லுக்கு எடுத்துக்காட்டுவதுதான். அதனால் இந்த நோயின் வேர் டி செல்லில் இருக்கிறது என்ற சந்தேகத்துக்கு அது பெரிய பலம்.

அப்புறம் டி செல் பி செல்லைத் தூண்டும், பி செல் அந்த மாறிய புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி செய்யும். என் ரிப்போர்ட்டில் எகிறியிருந்த ஆன்டி சி.சி.பி. அதுதான். மூட்டு வலிக்கப் பல வருடம் முன்பே இது ரத்தத்தில் வந்துவிடக்கூடும். மூட்டுச் சவ்வுக்குள் நுழைந்த டி செல்கள் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களை உசுப்பிவிடும். டி.என்.எஃப்., இன்டர்லியூக்கின் 6 என்று அழற்சிப் பொருள்கள் பெருகும், சவ்வு தடிக்கும், எலும்பு அரிக்கும். என் கத்தரிக்கோல் பிரச்சினை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

"அப்ப டி செல்லையே ஒழிச்சிட்டா என்ன டாக்டர்?" என்று கேட்டேன். செய்து பார்த்திருக்கிறார்களாம். 1990களில் சி.டி.4 வகை டி செல்களை அழிக்கும் ஆன்டிபாடிகளை ஆர்.ஏ.வில் சோதித்தார்கள். ரத்தத்தில் அந்தச் செல்கள் குறைந்தன, மூட்டு தேறவில்லை. சி.டி.4 செல்களில் சண்டையை அடக்கி வைக்கிறவையும் உண்டு என்பதை இங்கே மறக்கக்கூடாது. அந்தக் கட்டுப்படுத்தும் டி செல்களைத்தான் 1995-இல் ஷிமோன் சாககுச்சி அடையாளம் காட்டினார். மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவரோடு சேர்த்து அவருக்கு 2025-இன் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தச் செய்தி வந்த வாரம் வகுப்பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு பீரியட் முழுக்க இதையே பேசினேன்.

சரி, டிபிக்கு வருகிறேன். டிபி கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு மேக்ரோஃபேஜும் டி செல்லும் சேர்ந்து கிருமியைச் சுற்றி ஒரு சிறு முடிச்சு கட்டி அடைத்து வைத்துவிடும். டி செல் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமாவும், கூடவே டி.என்.எஃப்.பும்தான் அந்த முடிச்சு அவிழாமல் காக்கின்றன. டி.என்.எஃப்.பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசி போட்டவர்களுக்கு டிபி கிளம்புகிறது என்று 2001-இல் வந்த அறிக்கைக்குப் பிறகுதான், பயாலஜிக்குக்கு முன் டிபி பார்ப்பது கட்டாயமானது. மூட்டில் எந்தப் படை தப்பு செய்கிறதோ, அதே படை நுரையீரலில் காவலுக்கு நிற்கிறது. மருந்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனக்கு இதில் இன்னொரு காரணமும் இருந்தது. 1980களில் என் அப்பாவுக்கு டிபி வந்தது. சானடோரியம் போகாமல் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமானார். வீட்டில் சிகிச்சை எடுத்தாலும் சானடோரியத்தில் எடுப்பதற்குச் சமமாகக் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வு நம் சென்னையில்தான் நடந்தது. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அதை 1959-இல் வெளியிட்டது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அப்பா நினைவு வரும்.

டிபி கோல்டு டெஸ்ட்டுக்கு நாலு சின்னக் குழாய்களை வரிசையாக வைத்தார்கள்: சாம்பல், பச்சை, மஞ்சள், ஊதா மூடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிதான் ரத்தம். எடுத்ததும் லேப் பெண் ஒவ்வொரு குழாயையும் மேலும் கீழுமாக ஆட்டினார். குழாயின் உள்சுவரில் பூசியிருப்பது ரத்தத்தில் கலக்க வேண்டுமாம். சாம்பல் மூடிக் குழாயில் எதுவும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க. பச்சையிலும் மஞ்சளிலும் டிபி கிருமியின் புரதத் துண்டுகள். ஊதாவில் எந்த டி செல்லையும் உசுப்பிவிடும் பொருள். ஓர் இரவு 37 டிகிரியில் வைத்து, எந்தக் குழாயில் எவ்வளவு இன்டர்ஃபெரான் காமா வந்தது என்று அளப்பார்கள். அதாவது இதில் தேடுவது கிருமியை இல்லை. என் டி செல்களுக்கு அந்தக் கிருமியைத் தெரியுமா என்று கேட்கிறார்கள். பி.சி.ஜி. தழும்பு உள்ள நமக்கெல்லாம் கையில் போடும் மான்டூ டெஸ்ட் குழப்பலாம். இதில் பயன்படும் புரதங்கள் பி.சி.ஜி. கிருமியில் இல்லாததால் அந்தக் குழப்பம் கிடையாது.

முதல் ரிப்போர்ட்டில் பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. முடிவு சொல்ல இயலவில்லை என்று வந்தது. ஊதாக் குழாயிலேயே போதுமான பதில் வரவில்லை. ரத்தம் சோதனைக்கூடத்துக்குப் போய்ச் சேரத் தாமதமானாலும் இப்படி வரும், ஸ்டீராய்டு டி செல்லை அமுக்கி வைத்திருந்தாலும் வரும் என்றார் டாக்டர். நான் ரத்தம் கொடுத்தது தெருமுனைக் கலெக்‌ஷன் சென்டரில், சாயங்காலம். அதை நெகட்டிவ் என்று எடுத்துக்கொண்டு ஊசியை ஆரம்பிக்க அவர் ஒப்பவில்லை. எனக்கோ விரல் வலி, எப்போது மருந்து கிடைக்கும் என்ற தவிப்பு. இருந்தாலும் அவர் பிடிவாதம்தான் சரி. பிரெட்னிசலோனைக் குறைத்து, இந்த முறை மெயின் லேபுக்கே காலையில் போய்க் கொடுத்தேன். பாசிட்டிவ்.

எக்ஸ்ரே சுத்தம், இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆகவே இது உறங்கும் டிபி, யாருக்கும் தொற்றாது. ஆனால் "பாசிட்டிவ்" என்ற ஒரு சொல் வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று நாத்தனார் தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் கோபப்படவில்லை. உட்காரவைத்து, கிருமி முடிச்சுக்குள் இருக்கிறது, சளியில் வரவில்லை என்று விளக்கினேன். அந்த ஞாயிறே எல்லோரும் சாப்பிட வந்தார்கள்.

டிபிக்கான ஐசோனியசிட் மாத்திரையும் பி6 வைட்டமினும் ஆறு மாதக் கணக்கில் தொடங்கினார்கள். முதல் மாதம் முடிந்த பிறகுதான் பயாலஜிக். மெத்தோட்ரெக்சேட்டும் ஐசோனியசிட்டும் இரண்டுமே கல்லீரலைத் தொந்தரவு செய்யக்கூடியவை என்பதால் மெத்தோட்ரெக்சேட் அளவைக் குறைத்து, மாதாமாதம் எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை பார்த்தார்கள். பயாலஜிக்குக்காகக் காத்திருந்த அந்த மாதம்தான் மொத்தத்தில் கடினமானது. கரும்பலகையில் எழுத முடியாமல் பிள்ளைகளை எழுதவைத்துப் பாடம் நடத்தினேன்.

எந்த மருந்து என்பதில் மூன்று வழி இருந்தது. டி.என்.எஃப்.பைத் தடுக்கும் ஊசிகளில் அடாலிமுமாப்பின் இந்தியத் தயாரிப்பு 2014-லிருந்தே கிடைக்கிறது. டோஃபாசிட்டினிப் மாத்திரை செல்லுக்குள் போகும் ஜாக் சமிக்ஞையை மறிக்கும். விலை குறைவு, ஊசி இல்லை, ஆனால் அக்கி வரும் வாய்ப்பு கூடும். இதய நோய் அபாயம் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். மூன்றாவது அபாடாசெப்ட். என் ஆன்டி சி.சி.பி. அளவையும் டிபி பின்னணியையும் பார்த்து டாக்டர் இதைத் தேர்ந்தெடுத்தார். டி.என்.எஃப். தடுப்பைவிட இதில் டிபி பயம் குறைவு.

இது வேலை செய்கிற விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பேங்க் லாக்கருக்கு நம் சாவி, பேங்க் சாவி இரண்டும் வேண்டுமே, அப்படி டி செல் கிளம்ப இரண்டு சமிக்ஞை வேண்டும். எச்.எல்.ஏ. காட்டும் துண்டு முதல் சாவி. எதிர்ச் செல்லின் சி.டி.80, சி.டி.86 மூலக்கூறுகள் டி செல்லின் சி.டி.28-ஐத் தொடுவது இரண்டாவது. அதைத் தடுக்க உடம்பே சி.டி.எல்.ஏ.4 என்ற பிரேக்கை வைத்திருக்கிறது. அந்த பிரேக்கின் வெளிப்பகுதியை ஆன்டிபாடியின் வாலோடு இணைத்துச் செய்ததுதான் அபாடாசெப்ட். அமெரிக்காவில் 2005 டிசம்பரில் அனுமதி பெற்றது. டி செல்லைக் கொல்வதில்லை, இரண்டாவது சாவியை மட்டும் மறித்துக்கொள்கிறது.

என் எடைக்கு 500 மில்லிகிராம். அரை மணி நேர டிரிப். முதலில் இரண்டு வார இடைவெளியில், பிறகு நாலு வாரத்துக்கு ஒரு முறை. அட்மிஷன் இல்லாமல் ஏற்றுவதால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் மறுத்தது. டாக்டரின் விரிவான கடிதத்தோடு திரும்பக் கேட்டபோது ஒரு பகுதி கொடுத்தார்கள். செலவு தாங்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்குத் தனித் துறையே இருக்கிறது. பணத்துக்காகச் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள்.

டிரிப் ஏறும் அறையில் எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் உள்ள ஒரு கல்லூரிப் பெண்ணும் அவள் அம்மாவும் பழக்கமானார்கள். லூபஸிலும் பி செல்லுக்குத் துணைபோகும் டி செல்கள் உண்டு. 2021-இல் ஜெர்மனியின் எர்லாங்கனில், லூபஸ் நோயாளி ஒருவரின் டி செல்லையே எடுத்து, பி செல்லை அழிக்கும்படி மாற்றி, திரும்பச் செலுத்திய முயற்சி பலன் தந்ததை அந்த அம்மாவிடம் சொன்னேன். இங்கே அது இன்னும் அன்றாடச் சிகிச்சை ஆகவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். பக்கத்தில் முதுகெலும்பு விறைக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ் உள்ள ஒரு தம்பி. அவருக்கு இன்டர்லியூக்கின் 17-ஐத் தடுக்கும் செகுகினுமாப். அந்த இன்டர்லியூக்கின் 17, டி.எச்.17 என்ற டி செல் வகை சுரப்பது. அறை ஒன்று, நோய் மூன்று, மூன்றிலும் டி செல் இருந்தது.

அபாடாசெப்ட் மெதுவான மருந்து. முதல் சில டிரிப்களில் ஒன்றும் தெரியாது, மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான். பிறகு ஒரு காலையில் விறைப்பு சீக்கிரம் விட்டது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இறங்கியது, பிரெட்னிசலோன் நின்றது. இப்போது பால் பாக்கெட் நானே கத்தரிக்கிறேன். நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். ஆர்.ஏ. வரும் அபாயத்தில் இருந்தவர்களுக்கு ஒரு வருடம் இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024-இல் லான்செட்டில் வந்தது. நோய் தள்ளிப்போனது, மருந்தை நிறுத்திய பின் அந்தப் பலன் மெல்லக் கரைந்தது. ஏற்கெனவே நோய் முற்றிய என் விஷயத்தில் நிறுத்தும் பேச்சு இப்போதைக்கு இல்லை.

இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் டிபி கோல்டு ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த டாக்டரும் கேட்பார். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை மருந்து தொடங்கும் முன்பே முடியுமா என்று கேளுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் இந்தச் சிகிச்சையின்போது கூடாது. உறங்கும் டிபிக்கு மாத்திரை முடித்திருந்தாலும், இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் அடுத்த டிரிப்புக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.