பிரமிடா, பெட்ராவா: சிவ் 6-இல் எதை முதலில் கட்டுவது

ஊர்கள் வைத்து நாட்டை வளர்க்கும் கம்ப்யூட்டர் விளையாட்டான சிவிலைசேஷன் 6-இல் புது ஆட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியா, தலைவர் சந்திரகுப்தர், கேதரிங் ஸ்டார்ம் என்ற கூடுதல் தொகுப்பும் சேர்த்து, எம்பரர் என்ற கடினமான லெவல். ஊர்ப் பெயர்களை வழக்கம்போல மாற்றிவிட்டேன். தலைநகர் வேலூர், அப்புறம் ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர். நம் பழைய வேலூர் மாவட்ட வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டாம், இங்கே ஆம்பூர் கடலோரத்தில் இருக்கிறது. இந்த முறை கவனம் எல்லாம் வொண்டர்கள் (உலக அதிசயக் கட்டடங்கள்) மேல்தான். எதைக் கட்டுவது, எதை அடுத்தவருக்கு விட்டுவிடுவது?

ஆடாதவர்களுக்காக ஒரு வார்த்தை: வொண்டர் ஒவ்வொன்றும் உலகத்துக்கே ஒன்றுதான். முதலில் முடிப்பவருக்குத்தான் அது. வரைபடத்தில் ஒரு கட்டத்தை முழுசாகப் பிடித்துக்கொள்ளும், வைத்த பிறகு இடிக்கவும் முடியாது.

முதலில் கை அரிப்பது பிரமிடுக்குத்தான். நிலத்தில் வயல், சுரங்கம் அமைக்கும் பில்டர் ஒருவர் இலவசம், எல்லா பில்டருக்கும் ஒரு வேலை கூடுதல். விலை, ஊரின் உழைப்புக் கணக்கில், 220 புரொடக்‌ஷன். ஆனால் ஸ்டாண்டர்டு வேகத்தில் புது ஊர் வைக்கும் செட்லர் முதலாவது 80, அடுத்தது 110. ஒரு பிரமிட் காசில் இரண்டு ஊர் வைத்துவிட்டு மிச்சமும் பிடிக்கலாம். அக்கா பையன் காட்பாடியில் படிக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்தால் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பான். "இன்னா மாமா, நீங்க இத்தக் கட்டி முடிக்கிறதுக்குள்ள பக்கத்துல இருக்கிறவங்க நாலு ஊரு போட்டுடுவாங்க" என்றான். சரிதான். பிரமிடை, கம்ப்யூட்டர் ஆடும் எகிப்தின் தலைவி கிளியோபாட்ராவே கட்டிக்கொண்டார், பொருத்தமான ஆள். ஸ்டோன்ஹெஞ்ச், கிரேட் லைப்ரரி பக்கமும் போகவில்லை. இரண்டுமே கம்ப்யூட்டர் முந்திக்கொள்ளும் ரகம். ஸ்டோன்ஹெஞ்ச் தரும், மதம் நிறுவ உதவும் தீர்க்கதரிசியை, ஹோலி சைட் என்ற வழிபாட்டு வட்டாரம் கட்டி, அதில் பிரேயர்ஸ் என்ற திட்டத்தை ஓட்டியும் வாங்கலாம். அப்படித்தான் வாங்கினேன், கடைசி ஆளாக.

பெட்ரா கதை வேறு. குடியாத்தத்தைப் பாலைவன ஓரத்தில் வைத்ததே அதை நினைத்துத்தான். பாலாற்றில் மணலையே அதிகம் பார்த்து வளர்ந்தவனுக்கு அது ஒன்றும் புதிதில்லை. பெட்ரா இருக்கும் ஊரில் ஒவ்வொரு பாலைவனக் கட்டத்துக்கும் உணவு 2, தங்கம் 2, புரொடக்‌ஷன் 1 ஏறும். சுரங்கம் வைத்த பாலைவனக் குன்று ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு உணவே கிடையாது, புரொடக்‌ஷன் 2, அவ்வளவுதான். பெட்ரா வந்ததும் உணவு 2, புரொடக்‌ஷன் 3, தங்கம் 2. குடியாத்தத்தில் அப்படிக் குன்றுகள் வரிசையாக நிற்கின்றன.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெட்ராவைச் சமவெளிப் பாலைவனத்திலோ ஆற்றோர வெள்ளச் சமவெளியிலோ வைக்கலாம், குன்றில் முடியாது. ஆனால் வெள்ளச் சமவெளிக்குப் பெட்ராவின் பலன் வராது. அதனால் கட்டடத்தை அங்கே வைத்துவிட்டால், பலன் பெறும் கட்டம் ஒன்றுகூட வீணாகாது. வெள்ளச் சமவெளியின் உணவு போகுமே என்பார்கள். போகட்டும், குன்றுகளில் அதைவிட அதிகமாக வருகிறது. பண்டைய, கிளாசிக்கல் வொண்டர்களுக்கு 15% கூட்டித் தரும் கோர்வே என்ற கொள்கைக் கார்டைப் போட்டுவிட்டு, ஊர் எல்லையில் இருந்த காட்டையும் கட்டுமானத்துக்காக வெட்டித் தள்ளினேன். பெட்ராவுக்குப் போட்டி குறைவு. நிலம் வாய்த்தவர்தானே கட்ட முடியும்? அவசரப்படாமல் கட்ட முடிந்த வொண்டர் இது ஒன்றுதான்.

கொலோசியத்தை ஆற்காட்டில் வைத்தேன். பக்கத்தில் அரீனா (விளையாட்டரங்கம்) உள்ள என்டர்டெயின்மென்ட் காம்ப்ளெக்ஸ் என்ற கேளிக்கை வட்டாரம் வேண்டும், அதற்கே பாதி உழைப்பு போய்விடுகிறது. ஆனாலும் 6 கட்டத்துக்குள் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் அமெனிட்டியும் (மக்களின் மகிழ்ச்சி) லாயல்டியும் (நம் மேல் விசுவாசம்) தருகிறது. ஊர்களை நெருக்கி வைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு லாபம், பரத்தி வைப்பவர்களுக்கு அவ்வளவு இல்லை.

இப்போது வேலூரில் மீனாட்சி கோயில் ஏறிக்கொண்டிருக்கிறது. பாசம் மட்டும் காரணமில்லை. முடிந்ததும் குரு என்ற மதப் பணியாளர் 2 பேர் இலவசம். குருவுக்குப் பக்கத்தில் நிற்கும் படைக்கு பலம் 5, நகர்வு 1 கூடும். ஹோலி சைட் பக்கத்தில்தான் கட்ட வேண்டும், சொந்தமாக மதம் நிறுவியிருக்கவும் வேண்டும். எங்கள் ஊரைச் சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று கேலி பேசுவது உண்டு. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரைத் திரும்பப் பிரதிஷ்டை செய்ததே 1981-இல்தான். சாமியில்லாமல் கோயில் கட்ட இந்த ஆட்டம் விடாது. (7-ஆம் பாகத்தில் சோழர்களும் தஞ்சைப் பெரிய கோயிலும் வந்துவிட்டார்கள் என்று பையன் நச்சரிக்கிறான். வேலூர் வெயிலில் 6-க்கே லேப்டாப் ஃபேன் அலறுகிறது.)

குருக்களைக் கேட்டது வேறு ஒரு கணக்குக்கு. பிரமிட் நிற்கும் கிளியோபாட்ராவின் ஊர் ராணிப்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரம். வொண்டர் உள்ள ஊரைப் பிடித்தால் வொண்டரும் நம்முடையது. இலவச பில்டர் கிடைக்காது, ஆனால் பில்டர்களுக்கான கூடுதல் வேலை வந்துவிடும். சந்திரகுப்தர் நில விரிவாக்கப் போர் என்று அறிவித்தால் முதல் 10 டர்னுக்குப் படைக்கு நகர்வு 2, பலம் 5 தனியாக ஏறும். இந்தியாவுக்கே உரிய வரு யானைப் படைகள் பக்கத்தில் நிற்கும் எதிரியின் பலத்தில் 5 குறைக்கும். மீனாட்சி கோயில் முடியட்டும் என்று யானைகளை எல்லையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.