தேமல் என்று வந்தவரிடம் கற்ற தோல் லிம்போமா

தோல் மருத்துவ மேற்படிப்பின் இறுதித் தேர்வு எழுதப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தோல் லிம்போமாவை, அதாவது தோலில் தோன்றும் வெள்ளணுப் புற்றுநோயை, புத்தகத்தில் தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். வகைப்பாட்டு அட்டவணையை எழுதிச் சுவரில் ஒட்டினேன். இரண்டே வாரத்தில் பெயர்களெல்லாம் குழம்பிவிட்டன.

கைக்குழந்தையோடு வந்த ஓர் இளம்பெண்தான் எனக்குப் பாடத்தைப் புரியவைத்தார். இடுப்பிலும் தொடையிலும் வெளிறிய திட்டுகள். தேமல் என்று எண்ணி, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை இரண்டு ஆண்டுகளாகத் தடவியிருந்தார். வெளிறிய திட்டு என்றால் நம் ஊரில் முதலில் தொழுநோய் நினைவுக்கு வரும்; வரவும் வேண்டும். பஞ்சால் தொட்டுப் பார்த்தேன், உணர்ச்சி குறையவில்லை. நரம்புகள் தடிக்கவில்லை. ஜன்னலோரம் நிற்கவைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தபோதுதான், திட்டின்மேல் வெங்காயச் சருகு போன்ற மெல்லிய சுருக்கம் தெரிந்தது.

தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் முதல் பயாப்ஸி சாதாரணத் தோல் அழற்சி என்று வந்தது. களிம்பை நிறுத்தாமலேயே எடுத்துவிட்டோம். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. நான்கு வாரம் நிறுத்தச் சொல்லி, இரண்டு இடங்களில் மறுபடி எடுத்தோம். இம்முறை ஸ்லைடில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் மேல்தோலின் அடித்தளத்தில் மணி கோத்ததுபோல் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெண்வளையம். மேல்தோலிலோ வீக்கமே இல்லை. மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற தோல் லிம்போமா வகை. 1806இல் அலிபெர் என்ற பிரெஞ்சு மருத்துவர் காளான் போன்ற கட்டிகளைக் கண்டு விவரித்ததால் வந்த பெயர் இது. பூஞ்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை. கருமையான தோலில் இந்த வெளிறிய வகையை அடிக்கடி காண்கிறோம். அதில் பெரும்பாலும் சிடி8 வகை டி செல்களே (லிம்போசைட்டில் ஒரு வகை) இருக்கும்.

நோயின் கட்டங்களை மனப்பாடம் செய்யாமல் அவர் உடலிலேயே அளந்து பழகினேன். விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை ஏறத்தாழ 1 சதவீதம். திட்டுகள் மொத்தம் 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் டி1 கட்டம், 10ஐத் தொட்டால் டி2, 1 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ அளவுள்ள கட்டி இருந்தால் டி3, உடலில் 80 சதவீதமோ அதற்கு மேலோ சிவந்திருந்தால் டி4. அதன்பின் மறக்கவே இல்லை.

நேர்முகத் தேர்வில் கேட்டார்கள்: "இவர் தாய்ப்பால் கொடுக்கிறார். குழந்தைக்கு வருமா?" அந்தப் பெண்ணும் இதையேதான் கண்கலங்கக் கேட்டிருந்தார். வராது, இது தொற்றுநோய் அல்ல என்றேன். ஆனால் தென்மேற்கு ஜப்பானில் அதிகம் காணப்படும் டி செல் லுகேமியா-லிம்போமாவும் தோலில் இதேபோல் தோன்றலாம். அதற்குக் காரணமான எச்டிஎல்வி-1 வைரஸ் தாய்ப்பால் வழியே பரவும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் முற்றிய கட்டத்தில் எது உயிருக்கு ஆபத்து என்ற கேள்வியும் வரும். பலரும் புற்று உடலுக்குள் பரவுவதை மட்டும் சொல்கிறார்கள். புண்பட்ட தோல் வழியே நுழையும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் கலப்பதை விட்டுவிடாதீர்கள்.

அவருக்குக் குறுகிய அலைவரிசைப் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தோம். சில மாதங்களில் திட்டுகளுக்குள் பழைய நிறம் புள்ளி புள்ளியாகத் திரும்பியது. இது மீண்டும் வரக்கூடிய நோய் என்பதால், சீட்டில் அடுத்த பரிசோதனைத் தேதியை எழுதிக் கையில் கொடுத்தேன்.