புழுவுக்கு மூக்கு எங்கே?

“டீச்சர், இதற்கு மூக்கு எங்கே இருக்கிறது?” என்று இன்று ஒரு மாணவி கேட்டபோது, கண்ணாடிக் குவளையிலிருந்த வண்ணத்துப்பூச்சியின் புழு எலுமிச்சை இலையின் ஓரத்தை அரித்துத் தின்றுகொண்டிருந்தது.

பதில் சொல்லாமல் உருப்பெருக்கியை அவள் கையில் கொடுத்தேன்.

புழுவின் பக்கவாட்டில் வரிசையாக இருந்த சிறு புள்ளிகளை, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணி, ஒரு பக்கத்துக்கு 9 என்றாள்.

அவைதாம் சுவாசத் துளைகள் என்றும், அவற்றின் வழியே நுழையும் காற்றை மெல்லிய குழல்கள் கிளைகிளையாகப் பிரிந்து திசுக்களுக்கே நேராகக் கொண்டு சேர்க்கின்றன என்றும் நான் விளக்கியதும், “அப்படியானால் இரத்தத்துக்கு என்ன வேலை?” என்றான் பின்வரிசை மாணவன்.

சத்துகளைக் கொண்டு செல்வது அதன் வேலைகளுள் ஒன்று. ஆனால் ஆக்சிஜனைச் சுமக்கும் பொறுப்பு பெரும்பாலான பூச்சிகளின் இரத்தத்துக்கு இல்லாததால், நம்முடையதைப் போல அது சிவப்பாகவும் இருப்பதில்லை.

ஆண்டுதோறும் கரும்பலகையில் நான் வரையும் சுவாச மண்டலப் படம் இந்தக் கேள்வியை ஒருமுறைகூட எழுப்பியதில்லை. படத்தில் எல்லாப் பாகங்களின் பெயர்களையும் நானே எழுதிவிடுகிறேன். புழுவின் மீது யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை.

வண்ணத்துப்பூச்சியானதும் அதைப் பறக்க விட்டுவிடுவோம் என்று முதல் நாளே பேசி வைத்திருக்கிறோம்.

கூட்டுப்புழுவான பின் அது எப்படி மூச்சு விடும் என்று கேட்டுக்கொண்டே இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.