அப்பாவின் தலைக்குள் நடப்பது

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் விடியற்காலை பால் வெட்டிக்கொண்டிருந்த அப்பா, போன வாரம் மரத்தடியில் சரிந்துவிட்டார். கத்தி கையிலேயே இருந்தது. சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்த மாத்திரையை அவர் இரண்டு மாதமாக விட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மூளைக்குள் ரத்தக்கசிவு.

கசிவு நின்றுவிட்டது என்றார்கள். ஆனால் மூன்றாம் நாள் மயக்கம் கூடியது. "மருந்து பிடிக்கவில்லையோ மக்களே" என்று சித்தி அழுதார். டாக்டர் பொறுமையாக விளக்கினார். நானும் தேடிப் படித்தேன்.

மூளைக்கென்றே காவல் செல்கள் உண்டு. பெயர் மைக்ரோகிளியா, 1919-இல் ஸ்பெயினின் பியோ டெல் ரியோ ஒர்த்தேகா வைத்த பெயர். ரத்தம் கசிந்ததும் இவை விழித்துக்கொண்டு அழற்சியைத் தூண்டுகின்றன. வெள்ளணுக்களும் திரண்டு வருகின்றன. சிதையும் சிவப்பணுக்களிலிருந்து வெளியேறும் இரும்பு அருகிலுள்ள நரம்புச் செல்களை வதைக்கிறது. சுற்றிலும் வீக்கம் பல நாள் வளர்கிறது. அப்பாவை அழுத்தியது அதுதான்.

என்னை உலுக்கியது வேறு. உறைந்த ரத்தத்தை விழுங்கித் துப்புரவு செய்வதும் இதே மைக்ரோகிளியாதான்! அதனால் இவற்றை ஒரேயடியாக அடக்குவது தீர்வாகாது. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் என்ன என்று கேட்டேன். இதற்குப் பலனில்லை, தொற்றுதான் வரும் என்றார் டாக்டர்.

நேற்று மாலை அப்பா இடது கையால் என் சுண்டுவிரலைப் பிடித்தார். பால்கறை இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது.